என்சிக் நடேசனின் வலது கை

டன்லப் தெருவில் ஒலி முகம்மதுவின் சலூனில் நடேசன் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுதா எழுந்து கண்ணாடிக் கதவருகே போய் நின்றாள். எதிர்ப்பக்கம் வாழையிலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த லாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். காலையிலிருந்தே இப்படித்தான். சற்று நேரத்தில் ரயிலைப் பிடித்தாக வேண்டும், மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும், அதன்பின் ஒரு மருத்துவர் அப்பாவின் தோளையும் காதையும் பார்த்துக் கடைசி முடிவை எழுதுவார். இவரோ சாவகாசமாக மீசையின் நுனியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ப்பா, நாம கல்யாணத்துக்குப் போகல" என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

அவர் சிரித்தார். இந்தக் கடை அவருக்குப் பிடித்ததற்குக் காரணமே அந்தக் கண்ணாடிதான். பின்னால் நிற்பவர்களின் வாயும் முன்னால் தெரியும். ஊரில் வேறு எந்த இடத்திலும் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களுக்கு அவரால் பதில் சொல்ல முடியாது.

"யூனிஃபார்ம் போட்ட ஆளுங்க முன்னாடி நிக்கப் போறேன்ல. பரட்டத் தலையோட போகச் சொல்றியா?"

"உடம்பு முடியாத ஆள் மாதிரி போனாப் போதும்."

"மாதிரின்னா? நடிக்கணுமா?"

அவர் நடிக்காமல் இருந்தாலே போதும் என்பதுதான் சுதாவின் வேண்டுதல். வலிக்கவில்லை, கேட்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பல வருடங்களாக வீட்டிலும் வெளியிலும் அவர் நடித்துவருகிறார். அவருக்கே அது நடிப்பென்று மறந்துவிட்டது.

ஒலி முகம்மது சாயத்தைத் துடைத்து, சுடுதண்ணீரில் பிழிந்த துண்டால் அவர் முகத்தை மூடினார். பிறகு வழக்கம்போலக் கழுத்தின் பின்புறத்தை நீவிவிட்டு இரண்டு கைகளாலும் தோளைப் பற்றப் போனார். துண்டுக்குள்ளிருந்தே நடேசன் சட்டென்று முன்னால் சாய்ந்துகொண்டார்.

"பாத்தியளா தங்கச்சி? ஊர்ல எல்லாருக்கும் சொடுக்கு எடுத்தாத்தான் நாற்காலிய விட்டு எந்திரிப்பாக. உங்க அத்தா மட்டும் தோள்ல கைய வச்சா ஓடுறாக. என்னண்ணே, கூச்சமா?"

"ஆமா ஆமா. சாயங்காலம் மழை இருக்கு" என்றார் துண்டுக்குள்ளிருந்து நடேசன்.

ஒலி முகம்மது சுதாவைப் பார்த்தார். இருவரும் சிரித்துவிட்டார்கள். சுதா மறுபடியும் கதவருகே போய் நின்றாள்.

நடேசன் பத்தொன்பது வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். குண்டு ஒவ்வொன்றும் ஒரு பள்ளிப் பிள்ளையின் எடை இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்கி, வலது தோளோடு அணைத்து, குழாயின் பின்வாய்க்குள் கொடுக்க வேண்டும். கொடுத்துக் கொடுத்து அந்தத் தோளுக்குள் ஏதோ ஒரு தசைநார் நைந்துபோனது. ஒரு பீரங்கிக்குப் பொறுப்பாளரான பிறகு காது போயிற்று. இரண்டு காதுக்கும் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அவர்தான் இடது காதில் இருப்பதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், பல நாள் வலது காதில் இருப்பதையும். இரண்டையும் மாட்டிக்கொண்டால் ஒயர்லெஸ்ஸில் வரும் கட்டளை சரியாகக் கேட்காமல் போகுமோ என்று அவருக்கு ஒரு பயம். கட்டளையைத் தவறாகப் புரிந்துகொண்டால் அது யார் தலையில் போய் விழுமோ. யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. தன் பீரங்கியில் நிற்கும் பையன்கள் சனிக்கிழமை விடுப்பில் பத்திரமாக வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர் யோசித்தது. அந்தப் பையன்கள் அவரை என்சிக் என்று அழைத்தார்கள். மலாயில் மரியாதையாக ஐயா என்பது மாதிரி. படையில் வாரண்ட் ஆபிசர்களுக்கு மட்டும் உரிய அழைப்பு அது. கர்னல்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஓய்வுபெற்று, ஒரு கொண்டோ குடியிருப்பில் காவல் வேலைக்குப் போய், இன்டர்காம் அடித்தது கேட்காமல் போனதற்காக அந்த வேலையையும் விட்ட பிறகு, அவரை எல்லோரும் அங்கிள் என்றார்கள்.

ஈசூனில் அவர்கள் வீட்டின் சத்தமே மாறிப்போயிருந்தது. அம்மா விசாலாட்சி பேச்சில் வாழ்கிறவள். மார்க்கெட்டில் மீன்காரன் என்ன சொன்னான், லிஃப்டில் யார் யாரை முறைத்தார்கள், கனவில் யார் வந்தார்கள் என்று பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை அவளுக்குச் சொல்ல இருந்தது. முதலில் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கத்தினாள். பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஒருநாள் குவே பலகாரத்தை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வந்து, "எல்லாம் ஓகேயா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டுப் போனதிலிருந்து கத்துவதை நிறுத்தினாள். வாக்கியங்கள் குறைந்து சொற்களாயின. சாப்பாடு. மாத்திரை. குடை. இப்போது சொற்களும் போய், தட்டை மேசையில் ஒரு தட்டு தட்டுவாள், அவர் வந்து உட்காருவார். சொல்ல வேண்டியதையெல்லாம் சுதாவிடம் சொல்வாள். சுதா அப்பாவின் முன்னால் போய் நின்று அவர் முழங்கையைத் தொடுவாள். அவர் திரும்பி அவள் வாயைப் பார்ப்பார். அம்மாவின் அரை மணி நேரப் பேச்சை அவள் இரண்டு வரியில் சொல்வாள். மீன்காரனும் லிஃப்டும் கனவும் அந்தச் சுருக்கத்தில் காணாமல் போய்விடும். அடுத்த மாதம் குவீன்ஸ்டவுனில் புது வீட்டுக்குச் சாவி கிடைக்கிறது. அவளும் கணவன் கபிலனும் போய்விடுவார்கள். அதன்பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் யார் நிற்பது என்பதை நினைக்கும்போதெல்லாம் சுதாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது.

காதுக்கருவி போட்டால் தீர்ந்துவிடும் விஷயம்தான். கடைக்குக்கூட அழைத்துப் போனாள். கடைப் பையன் தோலின் நிறத்துக்குப் பொருத்தமாக ஒன்றை எடுத்துக் காட்ட, நடேசன் அதைத் தொடவும் இல்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "பீரங்கியால போச்சுன்னு படையில சொல்லட்டும். அன்னிக்கே மாட்டிக்கிறேன், தோள்ல ஆபரேஷனும் பண்ணிக்கிறேன். சொல்லாட்டி இது வெறும் வயசு. வயசானதுக்கு நான் ஏன் மிஷின் மாட்டணும்?" அதில் ஒரு நியாயம் இருப்பதாக சுதாவுக்குத் தோன்றியதுதான் சங்கடம். அவளே படைக்கு இழப்பீட்டு மனுவைப் போட்டாள். போன வருடம் முதல் பரிசோதனைக்கு அவர் தனியாகப் போனார். தோளைப் பற்றிக் கேட்டதற்கு, "கேன் லா, நோ ப்ராப்ளம்" என்றிருக்கிறார். ஒலிபுகா அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். "என் காதுக்குள்ளயே கொய்ங்குன்னு ஒண்ணு விடாம அடிக்குது. அவங்களோடது எது, என்னோடது எதுன்னு யாரு கண்டா? எதையும் விட்றக் கூடாதுன்னு எல்லாத்துக்கும் அமுக்கினேன்." தோள் அசைவு இயல்பானது, காதுப் பரிசோதனையில் அளித்த பதில்கள் நம்பத்தக்கவை அல்ல என்று முடிவு வந்தது. நம்பத்தக்கவை அல்ல என்பது மட்டும் அவருக்குள் போய்த் தைத்துக்கொண்டது. சில நாட்கள் குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட அவர் சொல்லவில்லை. மேல்முறையீடு செய்ததில் கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். காதுச் சோதனையைப் போன வாரமே மறுபடி எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றிக் கேட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீதமிருந்தது இன்றைய நாள்.

ரயிலில் கூட்டம் இருந்தது. நடேசன் இடது கையால் கம்பியைப் பிடித்து நின்றார். வலது கை உடம்போடு ஒட்டி, பேன்ட் தையலைத் தொட்டபடி நேராகத் தொங்கியது. தெரியாதவர்களுக்கு அது மிடுக்கு. சுதா அவர் முழங்கையைத் தொட்டாள்.

"வலிக்கிற எடத்துல நிறுத்துங்கப்பா. அவ்ளோதான். பொய் சொல்லச் சொல்லல. எங்க வலிக்குதோ அங்க நிறுத்துங்க."

உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற சீனப் பெண் காதொலிப்பானைக் கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தாள்.

"ம்."

"ம்னு சொல்லாதீங்க. நான் என்ன சொன்னேன்?"

"வலிக்கிற எடத்துல நிறுத்தணும். நான் என்ன ரெக்ரூட்டா? ஒரு தடவ சொன்னாப் போதும்."

உட்கார்ந்திருந்த ஒரு வாலிபன், கட்டுமான வேலைக்குப் போகும் கனமான பூட்ஸும் முதுகுப்பையுமாக, எழுந்து இடம் கொடுத்தான். "ஐயா, உக்காருங்கய்யா."

"நீ உக்காரு தம்பி. வேலைக்குப் போறவன். நான் நின்னு பழகினவன்."

"இதத்தான் சொல்றேன்" என்றாள் சுதா. "இதேதான்."

"எது?"

காலியான இருக்கையில் சுதாவும் உட்காரவில்லை, அந்த வாலிபனும் உட்காரவில்லை. இரண்டு நிறுத்தங்களுக்கு அந்த இருக்கை அவர்கள் நடுவில் அப்படியே வந்தது.

மருத்துவமனையில் பதிவு மேசையில் இருந்த தாதி அஃப்ரீன் தமிழ் பேசுகிறவள். நடேசனின் ஷூவைக் குனிந்து பார்த்து, "அங்கிள், என் மூஞ்சியே தெரியுது இதுல" என்றாள். நடேசன் மரியாதையாகத் தலையசைத்து, "ஈசூன்லேர்ந்து" என்றார். அஃப்ரீன் சுதாவைப் பார்த்தாள். பிறகு சற்று ஓரமாக வந்து, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அக்கா, நீங்க உள்ள கூடப் போலாம். ஆனா சுவத்தோரமா உக்காந்துக்கணும். டாக்டர் கேக்கறதுக்கு அவர்தான் பதில் சொல்லணும். நீங்க எடுத்துக் குடுத்தீங்கன்னா, மக சொல்லிக் குடுத்ததுன்னு ஆயிடும். புரியுதா?"

"அவருக்குக் கேக்கலன்னா?"

"கேக்கலன்னா கேக்கலன்னு தெரியட்டும்ல. அதுக்குத்தான வந்திருக்கீங்க."

எவ்வளவு எளிதான விஷயம் என்று சுதா நினைத்தாள். கேட்காதது கேட்காமலும் வலிப்பது வலியாகவும் வெளியே தெரிந்தால் போதும். ஆனால் காத்திருந்த நேரம் முழுக்க அப்பா சட்டையின் மடிப்பை இடது கையால் நீவிச் சரிசெய்துகொண்டே இருந்தார். எதிரே இருந்தவர்களில் ஒருவர் கைத்தடியோடு, கழுத்தில் பட்டையோடு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி சாய்ந்திருந்தார். நடேசன் அவரைப் பார்த்த பார்வையில் இரக்கத்தைவிடக் கண்டிப்பு அதிகம் இருந்தது. நிமிர்ந்து உட்காரக் கூடாதா என்று கேட்கும் பார்வை. சுதா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். தாகமில்லாமல் இரண்டு குவளை குடித்தாள்.

அறையில் இருந்த மருத்துவர் லிம், முப்பதைத் தாண்டாதவர். சீருடையின் மார்பில் கேப்டனுக்குரிய பட்டைகள் இருந்தன. அவரது மேசையும் கணினியும் ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தன. எதிர்ச்சுவரில் அகலமான ஜன்னல். மடிப்புத் திரையை ஏற்றி விட்டிருந்ததால் காலை வெயில் நேராக உள்ளே வந்து விழுந்தது. சுதாவுக்குக் கதவோரம் ஒரு நாற்காலி. மருத்துவர் எழுந்து, புன்னகையோடு, ஆங்கிலத்தில், "குட் மார்னிங், அங்கிள்" என்றார்.

அந்த அங்கிள் என்ற சொல்லில் சுதாவுக்கு மூச்சு வந்தது. நல்லது. அங்கிள் என்றால் ஒரு வயதானவர். அங்கிளுக்குத் தோள் வலிக்கலாம், காது கேட்காமல் இருக்கலாம், அங்கிள் பாதியில் கையைக் கீழே விட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அப்பாவின் தோள்கள்கூட அந்தச் சொல்லுக்குத் தகுந்தமாதிரி கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தாள். மருத்துவர் திரும்பிக் கணினியில் எதையோ படித்தார். பிறகு மறுபடி அவர் பக்கம் வந்து நின்றார். முகம் மாறியிருந்தது.

"ஓ, சாரி" என்றார். "சாரி, என்சிக்."

நேருக்கு நேர் நின்று, தெளிவாக, ஒரு இளைஞன் மூத்தவருக்குக் காட்ட வேண்டிய மரியாதையோடு அதைச் சொன்னார். ரெக்ரூட்டாக இருந்தபோது ஒரு என்சிக்கிடம் தான் பட்ட பாட்டையும் சொன்னார். இப்போதும் கனவில் அவர் வந்து, படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கிறதென்று கத்துகிறாராம். நடேசன் வாய்விட்டுச் சிரித்தார். "குட், குட். தட் மீன்ஸ் ஹீ டிட் ஹிஸ் ஜாப்." சுதா சிரிக்கவில்லை. அப்பாவின் முதுகெலும்பு கணுக் கணுவாக நிமிர்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் அவரை அறையின் நடுவில் நிற்கச் சொன்னார். வலது கையைப் பக்கவாட்டில் தூக்கிக் காட்டினார். முடிந்த அளவு உயரத்துக்கு, என்றார்.

நடேசன் குதிகால்களைச் சேர்த்து நின்றார். ஜன்னல் அவருக்குப் பின்னால் இருந்தது. கை எழும்பத் தொடங்கியது. அது எங்கே நிற்கும் என்று சுதாவுக்குத் தெரியும். மார்பின் உயரத்துக்குச் சற்றுக் கீழே. சமையலறையில் மேல்தட்டிலிருக்கும் காபித்தூள் டப்பாவுக்கு அவர் கை நீளும்போது அங்கேதான் நிற்கும். பிறகு எதையோ மறந்தவர்போல டப்பாவைப் பார்த்துவிட்டு, இடது கையால் எடுப்பார். சட்டை போடும்போதும் அங்கேதான். வலது கையை முதலில் சட்டைக்குள் விட்டுவிட்டுத்தான் இடது கையை விடுவார். தலை சீவும்போது சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக மாட்டார், தலையைச் சீப்புக்குக் கொண்டுவருவார். இப்போது கை அந்த இடத்துக்கு வந்தது. இங்கதான்ப்பா, என்று சுதா மனதுக்குள் சொன்னாள். நிறுத்துங்க.

நிற்கவில்லை. உடம்பு ஒரு பக்கம் சாயவில்லை, முகம் சுளிக்கவில்லை. தாடை மட்டும் இறுகியது. கை தோளைத் தாண்டியது. மேலே போகப் போக நெற்றியோரம், புதிதாக வெட்டிய முடியின் கரையில், வேர்வை அரும்பியது. கடைசியில் மேல்கை காதை ஒட்டி நின்றது. விரல்கள் கூரையைப் பார்த்து விரிந்திருந்தன.

"எனி பெய்ன், என்சிக்?"

"நோ, சார்."

தன் மகளைவிட இளையவனான ஒருவனை சார் என்றார். சுதாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் வாய் திறந்தால் அது மகள் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். திறக்காவிட்டால் அப்பாவே எல்லாவற்றையும் முடித்துவைத்துவிடுவார். வீட்டுக்குப் போய், தட்டு மேசையில் தட்டப்படும், அவர் வந்து உட்காருவார், இனி எப்போதும் அப்படித்தான்.

"வெரி குட்" என்று மருத்துவர் சொல்லி, மேசைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தட்டச்சு செய்யத் தொடங்கினார். தட்டியபடியே, திரும்பாமல், சாதாரணக் குரலில் சொன்னார்: "ஓகே என்சிக், யூ கேன் புட் இட் டவுன்."

நடேசன் கையை இறக்கவில்லை.

சுதாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவருக்குக் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த சொல் அது. முதுகு அவருடையதல்ல, மருத்துவருடையது. ஆனாலும் ஒன்றுதான். தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். இறக்கச் சொல்லும்வரை நிற்பார். மழையில் பயிற்சி மைதானத்தில் அப்படி நின்றிருக்கிறார், மற்றவர்களை அப்படி நிற்க வைத்திருக்கிறார். மருத்துவரோ, இந்நேரம் அவர் கையை இறக்கிவிட்டிருப்பார் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். விசைகள் நிதானமாகச் சத்தமிட்டன.

ஒரு எட்டு எடுத்துவைத்தால் அவர் முழங்கையைத் தொட்டுவிடலாம். தொட்டால் போதும். இடது கையால் தாங்கிப் பிடித்து, வலிக்கும் இடத்தை மெல்லக் கடந்து, அவர் கையைக் கீழே கொண்டுவந்துவிடுவார். மருத்துவர் திரும்பும்போது, சட்டையின் மடிப்பு கலையாமல் ஒரு என்சிக் நின்றுகொண்டிருப்பார். தோள் நன்றாக இருக்கும். காது கேட்டிருக்கும். சுதா எழுந்துவிட்டாள். நாற்காலி சத்தமிடாதபடி எழுந்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. கேப்டனின் முதுகையே, அது எப்போது வேண்டுமானாலும் பேசும் என்பதுபோல, பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வேர்வை மீசைவரை இறங்கி, கருஞ்சாயத்தைக் கரைத்து, உதட்டோரம் ஒரு மெல்லிய கோடாக வழிந்தது. தொடு, என்று அவள் கை சொன்னது. இருபது வருடங்களாக அந்தக் கை அதைத்தான் செய்துவந்திருக்கிறது. அவள் அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். அப்பாவை வலியோடு நிற்க விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் தன்னை எந்தப் பெயரால் அழைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசைகளின் சத்தம் தொடர்ந்தது. ஒரு வரி, இன்னொரு வரி.

கை முதலில் நடுங்கவில்லை. விரல்கள்தான் நடுங்கத் தொடங்கின. பின்பு மணிக்கட்டு, பின்பு சட்டைக் கை. வெயில் அவருக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்ததால் அந்தக் கையின் நிழல் அறையின் குறுக்கே நீண்டு, மருத்துவரின் தோளைத் தாண்டி, மேசைமீதும் விசைப்பலகைமீதும் விழுந்திருந்தது. அது இப்போது எழுத்துகளின்மீது படபடத்தது. மருத்துவரின் விரல்கள் நின்றன. தட்டவிருந்த எழுத்து ஒரு கணம் மறைந்து, தெரிந்து, மறைந்தது. விளக்குதான் மினுக்குகிறது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் முதலில் தலையைத் தூக்கி, கூரையில் சீராக எரிந்துகொண்டிருந்த குழல்விளக்கைப் பார்த்தார்.